கோயில் குளத்தின் அடியில் கான்கிரீட் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஊர்ச் சிவன் கோயிலுக்கு எதிரே சுமார் ஒரு ஏக்கரில் குளம். பல வருடங்களாகக் காய்ந்து, கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. கும்பாபிஷேகம் முடிந்த கையோடு தெப்பம் விட வேண்டும் என்று திருப்பணிக் குழுவுக்கு ஆசை. அடியில் கான்கிரீட் தளம் போட்டு, கரையில் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) இறக்கி, நிரப்பிவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. ‘கோயில் குளமே நிலத்தடி நீருக்காக முன்னோர்கள் வெட்டியதுதான், அடியை மூடவே கூடாது’ என்கிறது இன்னொரு தரப்பு. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் குளத்தை எதற்காக வெட்டினார்கள் என்பது ஒன்று. இன்றைக்கு நாம் அதை எதற்காக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் இரண்டாவதும் தானே தீர்ந்துவிடும் என்று இரண்டு தரப்புமே நினைப்பதால்தான் பேச்சு நகராமல் நிற்கிறது.

நான் நீர்வளப் பொறியியல் படித்தவன். ஏரி, ஊருணி, கோயில் குளச் சீரமைப்பு வேலைகளில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆகமமும் கல்வெட்டும் என் துறை இல்லை. அவற்றைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்ததை அந்த அளவுக்கே சொல்கிறேன். நேரடியான பதில் முதலில்: கான்கிரீட் வேண்டாம். போர் தண்ணீரால் நிரப்பும் யோசனையும் வேண்டாம். ஆனால் அதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணமும் முழுக்கச் சரியில்லை. அந்தக் காரணத்தை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கினாலும் உங்கள் குளம் நிறையாது.

மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் சேர்ந்தால்தான் கோயில் என்பது நம் மரபு. சன்னிதிக்குப் போகுமுன் கை கால் கழுவ, நீராட, முன்னோருக்கு நீர்க்கடன் கழிக்க, சுவாமியின் தீர்த்தவாரிக்கு, தெப்பத்துக்கு என்று குளத்துக்கு வேலை நிறைய. பல ஊர்களில் குடிநீருக்கும் அதுவேதான், அல்லது அதன் கரையிலுள்ள கிணறு. அளவிலும் அமைப்பிலும் இவை ஒரே மாதிரி இல்லை. மதுரை மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளம் மதிலுக்குள் இருக்கிறது. மன்னார்குடி ஹரித்ரா நதி 23 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்று திருவாரூரைப் பற்றிச் சொல்வார்கள், அதாவது அங்குள்ள கமலாலயக் குளம் கோயிலுக்குச் சமமான இடத்தைப் பிடித்திருக்கிறது. கும்பகோணம் மகாமகக் குளத்துக்குள்ளேயே தனித்தனித் தீர்த்தக் கிணறுகள் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் அத்தி வரதர் நீருக்கு அடியிலேயே இருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்கிறார். 1979க்குப் பிறகு 2019இல் 48 நாள் தரிசனம் தந்து மறுபடி குளத்துக்கே போனார். யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் நகுலேசுவரத்தை ஒட்டிய கேணி ஊற்றால் நிறைவது. சுண்ணாம்புப் பாறை நிலம், பக்கத்திலேயே கடல். அங்கே கணக்கே வேறு, நான் கீழே சொல்லும் எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இனி அந்த நிலத்தடி நீர் விஷயம். குளத்தில் நீர் நின்றால் சுற்றுக் கிணறுகள் ஊறும். இது உறுதி. குளக்கரைத் தெருவில் கிணறு வைத்திருந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள், கயிறு விட்டு அளந்தும் பார்க்கலாம். ஆனால் அதற்காகவே குளம் வெட்டினார்கள் என்பது எனக்குச் சந்தேகம். நிலத்தடி நீர் தீர்ந்துபோகும் என்ற கவலை, ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் வந்த பிறகு நமக்கு வந்தது. மாடு பூட்டிய கவலையிலும் ஏற்றத்திலும் நீர் இறைத்த காலத்தில் அந்தப் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை. பழைய குளங்களில் தூர் வாரும்போது அடியில் கெட்டியான களிமண் தட்டுப்படுவது வழக்கம். அதாவது கட்டியவர்கள் நீரை நிறுத்திவைக்கத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படி நிறுத்திய நீரில் ஒரு பங்கு பக்கவாட்டில் கசிந்து கிணறுகளுக்குப் போனது. ஊர் அதை அறிந்து அனுபவித்தது. நன்மை உண்மை, நோக்கம்தான் ஐயத்துக்குரியது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீர் நிற்பதும் நீர் இறங்குவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தெப்பம் விட நீர் நிற்க வேண்டும், கிணறு ஊற நீர் இறங்க வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் குளத்தில் இந்த இழுபறியை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். சுற்றிலும் மணற்பாங்கான நிலம். நகரம் நெருக்கி, வீட்டுக்கு வீடு போர் வந்து, நிலத்தடி மட்டம் இறங்கியபோது குளமும் சேர்ந்து வறண்டது. பிறகு மாட வீதிகளின் மழைநீரை உள்ளே திருப்பினார்கள். நீர் தங்குவதற்காக அடியில் களிமண் படுகையும் போட்டார்கள். களிமண் போட்டபோது ‘நிலத்தடி நீரைத் தடுக்கிறார்கள்’ என்று சிலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் நீரே நிற்காத குளத்தை ஊர் வெகு சீக்கிரம் மறந்துவிடும், மறந்த குளத்தில் முதலில் குப்பை விழும், அப்புறம் கடை வரும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் கோயில் தெப்பக்குளம் இருக்கிறது. கடைகளுக்குப் பின்னால் ஒரு குளம் இருப்பதே தெரியாமல் அந்தச் சாலையில் எத்தனையோ பேர் தினமும் நடக்கிறார்கள்.

சரி, உங்கள் ஒரு ஏக்கர் குளத்துக்குக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,050 சதுர மீட்டர். சராசரியாக 2 மீட்டர் ஆழம் நீர் நிறுத்த 8,100 கன மீட்டர், அதாவது 81 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 675 லாரி. மணிக்கு 10,000 லிட்டர் தரும் நல்ல போரை தினம் 8 மணி நேரம் ஓட்டினால் 100 நாளுக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு சொட்டு கூட ஆவியாகாமல் கசியாமல் இருந்தால். கோடையில் நம் சமவெளியில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் வரை ஆவியாகும். உங்கள் குளத்தில் அது 24,000 லிட்டர். போர் விடும் தண்ணீரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெயிலுக்கே போய்விடும். அந்தப் போரோ குளத்துக்கு அடியில் இருக்கும் நீரைத்தான் எடுக்கிறது. கீழேயிருந்து எடுத்து மேலே விட்டுக் காய வைப்பதால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு நஷ்டம்தான். தெப்பத்துக்காக ஒரு வாரம் அப்படிச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். வருடம் முழுக்க அதையே நம்புவது வேறு விஷயம்.

அதே கணக்கை மழைக்குப் போடுங்கள். குளத்தின் மேல் நேராக விழும் மழை மட்டும் போதாது. வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் ஆவியாதல் அதைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் இருக்கும். ஆகவே எந்தக் கோயில் குளமும் தன் மேல் விழும் மழையை நம்பி வெட்டப்பட்டதில்லை. சுற்றியுள்ள 10 ஏக்கர் கூரை, தெரு, பிராகாரம் இவற்றில் விழும் மழையில் 60 சதவீதம் ஓடி வந்து சேர்ந்தால், வருடத்துக்கு 2 கோடியே 18 லட்சம் லிட்டர். உங்கள் குளத்தை இரண்டரை தடவைக்கு மேல் நிரப்பலாம். ஆக, குளம் காய்ந்ததற்குக் காரணம் அதன் அடி ஒழுகுவதுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், வரத்து, அதாவது குளத்துக்கு நீர் வந்து சேரும் வழி, எங்கே அறுந்தது என்று பார்த்தாக வேண்டும். நான் வேலை செய்த இடங்களில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருந்தது.

பழைய அமைப்புகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். தஞ்சாவூரில் மேற்கே சேவப்ப நாயக்கன் ஏரி. மழைநீர் முதலில் அங்கே தேங்கி, மண் படிந்து, தெளிந்த பிறகு சிவகங்கைக் குளத்துக்கு வந்தது. அங்கிருந்து நிலத்துக்கு அடியில் கட்டிய நீர்வழி ஊருக்குள் ஐயன் குளம் வரை போனது. அண்மையில் ஐயன் குளத்தைச் சீரமைத்தபோது அந்த நிலத்தடி வழியைக் கண்டெடுத்துத் துப்புரவு செய்திருக்கிறார்கள். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645இல் வெட்டுவித்தார். ஏறத்தாழ 1,000 அடிக்கு 950 அடி. வைகையிலிருந்து நீர் வரும்படியாக அமைத்தது. வரத்து கெட்ட பிறகு பல காலம் அது பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகவே கிடந்தது. தெப்பத் திருவிழா சமயத்தில் மட்டும் எப்படியோ தண்ணீர் விடுவார்கள். பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரை உள்ளே விட்ட பிறகு குளம் ஏரி மாதிரி நிறைந்து நின்றதை மதுரைக்காரர்கள் சந்தோஷமாகப் போய்ப் பார்த்தார்கள். அங்கே குளத்தின் அடியை யாரும் மாற்றவில்லை, வழியைத் திறந்தார்கள், அவ்வளவுதான். ‘எங்கள் குளத்துக்கும் ஆற்றுக்கும் சுரங்கம் உண்டு’ என்று உங்கள் ஊரிலும் யாராவது சொல்வார்கள். சில இடங்களில் மண்ணுக்கடியில் குழாயும் மதகும் கிடைக்கின்றன, பல இடங்களில் அது கதை. தோண்டிப் பார்க்காமல் நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

வரத்தைத் தேட, தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடமும் புல வரைபடமும் வாங்குங்கள். குளத்தின் புல எண்ணைச் சுற்றி ‘வாய்க்கால்’, ‘ஓடை’ என்று பதிவான எண்களைக் குறித்துக்கொண்டு நேரில் நடந்து பாருங்கள். ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அப்புறம் பெருமழை கொட்டும்போது குடையோடு ஒரு தடவை அதே வழியில் நடங்கள். தண்ணீர் எந்த இடத்தில் திரும்பி எந்தச் சாக்கடைக்குள் விழுகிறது என்பது அன்றைக்குத் தெரிகிற மாதிரி வேறு எந்த நாளும் தெரியாது. தெருவை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டு உயர்த்தியதால், குளத்துக்குள் இறங்கிய பழைய துவாரங்கள் சாலைக்குக் கீழே புதைந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரையைச் சுற்றி நடைபாதை என்று சிமென்ட் கல் பதித்து, ஓரச் சுவர் எழுப்பி, மழைநீர் உள்ளே வரும் வழியை அழகாக அடைத்த ஊர்களும் உண்டு. நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் வயதானவர்கள் நடக்க அது நல்ல இடம். சரிவு குளத்தைப் பார்த்து இருக்கட்டும், சுவரில் வழி விடுங்கள்.

கான்கிரீட்டுக்கு வருகிறேன். தளம் போட்டால் நீர் கீழே போகாது என்பதோடு கீழிருந்து மேலே வரவும் வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி மட்டம் ஏறும்போது குளம் காலியாக இருந்தால், அடியிலிருந்து நீர் தளத்தை மேலே தள்ளும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ எடை. அதைத் தூக்க, தளத்தின் அடிப்பக்கத்துக்கு மேல் 36 சென்டிமீட்டர் நீர்மட்ட வித்தியாசம் போதும். விரிசல் விட்ட தளம் ஒழுகும், ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் ஊரில் நிலத்தடி நீர் 200 அடிக்குக் கீழே போய்விட்டது என்றால் இந்த ஆபத்து இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதும் வெயிலில் காய்ந்து விரியும் தளம் சில வருடங்களில் வெடிப்பு விடும். சேறே இல்லாத தொட்டியில் அடியில் வாழும் புழு, நத்தை, வேர்ச்செடி எதுவும் இருக்காது. அழுக்கைத் தின்று தீர்க்க உயிர் இல்லாததால் தண்ணீர் சீக்கிரம் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

படிக்கட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழைய கருங்கல் படிகளைச் சாந்து இல்லாமலோ சுண்ணாம்புச் சாந்திலோ அடுக்கியிருப்பார்கள். இடுக்குகள் வழியாக, கரைக்குப் பின்னால் தேங்கும் மழைநீர் குளத்துக்குள் வடிந்துவிடும். நாம் அழகுக்காக அந்த இடுக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் நீர் பின்னாலேயே தேங்கிச் சுவரை உள்நோக்கித் தள்ளும். மழைக்காலத்தில் குளக்கரைச் சுவர் சரிந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இன்னொரு காரணம், நிறைந்திருக்கும் குளத்தை மோட்டார் வைத்து இரண்டு நாளில் இறைப்பது. முன்னால் நீரின் தாங்கல் போய்விடும், பின்னால் மண் இன்னும் ஈரமாகக் கனத்துக் கிடக்கும். சுவர் விழுந்துவிடும். இறைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு அரை அடிக்கு மேல் இறக்காதீர்கள்.

தூர் வாருவது அவசியம், ஆனால் அளவோடு. குளம் தூர்ந்துபோவதும் கரையில் கட்டடங்கள் நெருங்கி இடம் சுருங்குவதும் புதுத் தொல்லைகள் இல்லை. பெரியபுராணத்தில் தண்டியடிகள் வரலாறே கமலாலயத்தைத் தூர் வாரிய கதைதான். கண் தெரியாத அந்த அடியார் குளத்துக்குள்ளும் கரையிலும் தறி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார் என்று வருகிறது. அந்தக் கதைக்குள் சைவ சமணப் பகை இருக்கிறது, அதை இங்கே பேச வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே தூரும் ஆக்கிரமிப்பும் ஊருக்குத் தெரிந்த கவலைகளாக இருந்தன என்பது மட்டும் நமக்குப் போதும். ஏரிகளில் மண் எடுக்க ஓடம் வைத்துப் பராமரிக்க நிலம் விட்ட சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபை ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வைத்திருந்தது. பராமரிப்புக்கு ஆளும் வருமானமும் ஒதுக்கிவிட்டுத்தான் நீர்நிலை அமைத்தார்கள். உங்கள் திருப்பணிக் குழு இந்த ஒரு விஷயத்தைப் பின்பற்றினாலே பெரிய காரியம். வருடாவருடம் சுத்தம் செய்ய ஒரு தொகையை வைப்பில் போடுங்கள்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதற்கு விதி எளிது. நான்கு மூலையிலும் நடுவிலும் மூன்றடிக் குழி எடுத்துப் பாருங்கள். மேலே கறுப்பாக, நாற்றத்தோடு, பிளாஸ்டிக் கலந்து இருப்பது தூர். அதற்குக் கீழே நிறம் மாறிக் கெட்டியாக வருவது குளத்தின் உண்மையான அடி. அங்கே நின்றுவிட வேண்டும். ‘இயந்திரம் வந்திருக்கிறது, இன்னும் ஐந்தடி எடுத்துவிடுவோம்’ என்று அந்தக் களியை உடைத்தால் கீழே மணல் வந்துவிடும், அப்புறம் எந்த மழையும் நிற்காது. சித்திரை, வைகாசியில் வேலையை முடியுங்கள். வண்டலை வயலுக்கு எடுத்துப்போவது பழைய வழக்கம். ஆனால் சாக்கடை கலந்த குளமாக இருந்தாலோ, சாயம் பூசிய விநாயகர் சிலைகளைக் கரைத்திருந்தாலோ, மண்ணைச் சோதனைக்கு அனுப்பிய பிறகு கொடுங்கள்.

நீர் வந்த பின் அதைக் கெடுக்காமல் வைப்பதுதான் இன்றைய பெரிய சவால். தெருத் தண்ணீரை உள்ளே விடுவதற்கு முன் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கழிவுநீராவது மழைநீர் வடிகாலில் சேர்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு இணைப்பு போதும், குளம் பாழ். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, மூன்றாவது மழையிலிருந்து ஒரு வண்டல் தொட்டி வழியாக உள்ளே விடுங்கள். மீனுக்குப் பொரி போடுவது பலருக்குப் பக்தி, குழந்தைகளுக்கோ கொள்ளைச் சந்தோஷம். ஆனால் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் மிச்சப் பொரி அழுகும், பாசி பெருகும். பாசி பகலில் பிராணவாயு தரும், இரவில் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கோடையில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு நாள் மொத்தமாகச் செத்து மிதக்கும். நீரூற்று வைத்திருந்தால் அதைப் பின்னிரவில் ஓட விடுங்கள், அப்போதுதான் மீனுக்குத் தேவை. திருநள்ளாறு நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து உடுத்திய துணியை விட்டுவிடுவதும், வைத்தீசுவரன் கோயில் சித்தாமிர்தத்தில் வெல்லம் கரைப்பதும் மக்களுக்கு ஆழமான நம்பிக்கையோடு சேர்ந்த வழக்கங்கள். அவற்றை நான் பரிகசிக்க மாட்டேன். கூட்டம் ஆயிரத்திலிருந்து லட்சமாகும்போது நீர் தாங்காது, கரையில் தனித் தொட்டி வைத்து அங்கே செய்யச் சொல்லலாம். ‘செப்புக்காசு போட்டால் தண்ணீர் சுத்தமாகும்’ என்பதை நிறையப் பேர் அறிவியல் என்று பகிர்கிறார்கள். செப்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்த நீரில் கிருமி குறையும் என்பது சரி. 81 லட்சம் லிட்டரில் கைப்பிடிக் காசு எதையும் செய்யாது. இன்றைய 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் எஃகு, அவற்றில் செம்புக்கு வேலையே இல்லை.

‘கோயில் குளம் அந்தக் காலத்தில் ஊர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது’ என்று உங்கள் குழுவின் அழைப்பிதழில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்களைக் குளத்தின் படியிலேயே கால் வைக்க விடவில்லை. பொதுக் குளங்களையும் படித்துறைகளையும் பயன்படுத்துவதில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. புனிதக் குளத்தில் நீராடுவதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்று 1955இல் சட்டமே வந்தது. சீரமைத்த குளத்தின் திறப்பு நாளில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே படித்துறையில் இறங்குவதை நீங்கள் உறுதி செய்தால், அது நான் இதுவரை எழுதிய பொறியியலை விடப் பெரிய வேலை.

அனுமதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் குழு தன்னிச்சையாக எதையும் கட்ட முடியாது. பழமையான கோயில்களின் திருப்பணிக்கு வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும், குளமும் அதில் அடங்கும். துறையின் பொறுப்பில் தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன, ஆகவே உங்கள் மனு தானாக மேலே வராது, விடாமல் பின்தொடர வேண்டும். குளம் கோயில் பெயரில் இருந்தால் கரை ஆக்கிரமிப்பை 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 78ஆம் பிரிவின் கீழ் அகற்றக் கேட்கலாம். வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் வழி வேறு, தாசில்தாரிடம் போக வேண்டும். முதலில் பதிவேட்டைப் பாருங்கள். தெப்பம் எந்த மாதம் என்பதைக் கோயில் குருக்களும் தானிகர்களும்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிட முடியாது. மயிலாப்பூரிலும் வண்டியூரிலும் தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம் வருகிறது, வடகிழக்குப் பருவமழை முடிந்து குளம் நிறைந்திருக்கும் நேரம். எல்லா ஊரிலும் அப்படி இல்லை, திருவாரூரில் வைகாசி. உங்கள் ஊர் வழக்கம் தையாக இருந்தால் வேலை பாதி சுலபம். குளம் ஐப்பசி முதல் மாசி வரை நிறைந்து, கோடையில் ஓரளவு வற்றினால் அது கெட்டுப்போன குளம் இல்லை.

கடைசியாக, களிமண் போட வேண்டுமா என்பது. அதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வரத்தைச் சரிசெய்து, முதல் மழைகளில் மூன்று நான்கு படி நீர் சேரட்டும். அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் முக்கால் அளவு நீர் ஊற்றி, குளத்து நீரில் பாதி அமிழ்ந்திருக்கும்படி ஒரு படியில் அசையாமல் வையுங்கள். மழையில்லாத ஐந்து நாட்கள் தொட்டியில் எவ்வளவு குறைகிறது, குளத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். தொட்டியில் குறைவது ஆவியானது. குளத்தில் அதற்கு மேல் இறங்குவது கசிவு. கசிவு நாளுக்கு 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அடியைத் தொடவே வேண்டாம், குளமும் நிற்கும், கிணறும் ஊறும். 20 மில்லிமீட்டரைத் தாண்டினால், களிமண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, உருளை ஓட்டி, ஓரடி முதல் ஒன்றரை அடி வரை கெட்டிப்படுத்தலாம். அப்படிச் செய்தால், தெப்பத்துக்குத் தேவையான படி வரை நீர் நின்று, அதற்கு மேல் வரும் உபரி கரையில் நிலத்துக்குள் நீரை இறக்கும் நீரூட்டுக் கிணற்றில் விழும்படி ஒரு கலங்கல், அதாவது மிகைநீர் வழிந்தோடும் வாய், வையுங்கள், உங்கள் ஊரின் இரண்டு தரப்பும் கேட்டது அதில் கிடைத்துவிடும். இரண்டு எண்களுக்கும் நடுவில் வந்தால், அளவுகளோடு சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மூலைக் குழிகளில் வந்த மண்ணின் விவரத்தையும் எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.